தராசும் ஒலிபெருக்கியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் கிறிஸ்தவன், பரந்தன் பகுதியில் நெல் வாங்கி விற்கிறேன். இங்கே எல்லா வியாபாரிகளும் 70 கிலோ மூட்டைக்கு 2 கிலோ கழித்துத்தான் எடுக்கிறார்கள். சாக்கு, ஈரம், பதர் எல்லாம் அதற்குள் அடங்கும் என்பது பேச்சு. நானும் அப்படித்தான் செய்கிறேன். போன போகத்தில் ஒரு கமக்காரர் "வேதக்காரன்ர தராசும் இதே தராசுதான்" என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஊர் வழக்கப்படி நடப்பது பிழையா?

பிழைதான். அந்தக் கமக்காரர் உங்கள் விசுவாசத்தைப் பற்றி வேறு எதையும் படிக்கப் போவதில்லை. அவர் படித்தது உங்கள் தராசை.

சாக்கு, ஈரம், பதர் மூன்றும் மூன்று தனிக் கணக்கு. மூன்றையும் சேர்த்துக் கட்டி 2 கிலோ என்று வைத்தால், நாலு நாள் படங்கில் காயவைத்துத் தூற்றிக் கொண்டுவந்தவரும் 2 கிலோ இழக்கிறார், மெசினால் வெட்டிய கையோடு பச்சையாக ஏற்றி வந்தவரும் அதே 2 கிலோதான் இழக்கிறார். ஒழுங்காக உழைத்தவருக்குத்தான் தண்டனை. 100 மூட்டை கொடுத்தவருக்கு அது 200 கிலோ, ஏறக்குறைய மூன்று மூட்டை. பசளைக் கடைக் கடனுக்கும் வெட்டுக்கூலிக்கும் வைத்திருந்த காசு அது.

சாக்கிலிருந்து தொடங்குங்கள். பத்து வெறும் சாக்கை ஒன்றாக நிறுத்துப் பத்தால் பிரியுங்கள். பிளாஸ்டிக் உரப்பை என்றால் நூறு, நூற்றைம்பது கிராம் அளவில்தான் வரும். சணல் சாக்கு ஒரு கிலோவை நெருங்கும். எது வருகிறதோ அதை மட்டும் கழியுங்கள்.

ஈரத்துக்கு 14 வீதத்தை அடிப்படையாக வையுங்கள், நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பதும் அதுதான். நூறிலிருந்து ஈரவீதத்தைக் கழித்து, வரும் எண்ணால் மூட்டை நிறையைப் பெருக்கி, 86 ஆல் (நூறில் 14 போக மிச்சம்) பிரிக்க வேண்டும். 18 வீத ஈரமுள்ள 70 கிலோ, 14 வீதத்துக்குக் காய்ந்தால் 66.7 கிலோவாக நிற்கும். ஆகவே கழிவு 3.3 கிலோ. 16 வீதம் என்றால் 1.6 கிலோ. 14 அல்லது அதற்குக் கீழே என்றால் ஒரு கிராமும் கழிக்க நியாயம் இல்லை. நேர்மையான கணக்கு உங்களையும் காக்கிறது என்பதைக் கவனியுங்கள்: மிகவும் பச்சையான நெல்லில் 2 கிலோ கழித்தால் நட்டம் உங்களுக்குத்தான். அந்த நட்டத்தைத்தான் இதுவரை காய்ந்த நெல்லுக்காரரிடம் எடுத்திருக்கிறீர்கள்.

ஈரம் பார்ப்பதில் பிழை நடப்பது பெரும்பாலும் கருவியால் அல்ல, கையால். ஒரு சாக்கின் வாயில் கைவிட்டு அள்ளிய பிடியை வைத்து முழு லோட்டுக்கும் விலை பேசுவார்கள். இரவு வெளியில் கிடந்த சாக்கின் மேல்வாய் பனி குடித்திருக்கும், அடியில் நெல் காய்ந்திருக்கும். ஐந்தாறு சாக்கில் மேல், நடு, அடி என்று எடுத்துக் கலந்து, மூன்று தரம் பார்த்துச் சராசரி எடுங்கள். வெயிலில் சுட்ட நெல்லை ஆறவிட்டுப் பாருங்கள். கருவி நெல்லுக்கான அமைப்பில் இருக்கிறதா, பற்றரி இறங்கவில்லையா என்பதையும் பாருங்கள்.

பதருக்குச் சுளகு போதும். கலந்த நெல்லில் ஒரு கிலோ நிறுத்து, விற்பவரின் முன்னால் புடைத்து, நின்றதை மறுபடி நிறுங்கள். 30 கிராம் போனால் 3 வீதம், மூட்டைக்கு 2.1 கிலோ. நீங்கள் கொடுக்கும் ஆலை எவ்வளவு பதரைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறதோ அதை நீங்களும் விட்டு, மிச்சத்தை மட்டும் கழியுங்கள்.

தராசு சமதரையில் நிற்க வேண்டும். எண் தெரியும் பக்கம் விற்பவரை நோக்கி இருக்க வேண்டும். காலையில் தெரிந்த 20 கிலோ படிக்கல்லை வைத்துப் பாருங்கள். அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் முத்திரையை ஆண்டுதோறும் புதுப்பியுங்கள். தொங்கு தராசில் மூட்டை ஆடும்போது எண்ணை வாசிக்க வேண்டாம். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்று நீதிமொழிகள் 11:1 சொல்வது இந்தச் சின்னச் சின்னக் காரியங்களைத்தான்.

எடுத்ததைத் திருப்புவதும் இருக்கிறது. எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. வரி தண்டி ஏமாற்றிய சகேயு நாலத்தனையாகத் தருவேன் என்று இயேசுவிடம் சொன்னான். போன போகத்துக் கொப்பியில் பெயரும் மூட்டைக் கணக்கும் இருக்கும். காய்ந்த நெல் கொடுத்தவர்களின் வீட்டுக்குப் போய், அன்றைய விலையில் கணக்குப் பார்த்து, ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுங்கள். ஒரே நாளில் முடியாவிட்டால் இரண்டு போகத்தில் கொடுங்கள். சபையில் எழும்பிச் சாட்சி சொல்ல வேண்டாம். அந்தச் செய்தியை ஊருக்குக் கொண்டுபோகும் உரிமை கமக்காரருடையது.

கேள்வி: நான் சைவக்காரி, கிளிநொச்சியில் இருக்கிறேன். பக்கத்து வளவில் செபக்கூடம். வெள்ளி இரவுகளில் விடியும்வரை மைக்கில் செபம் நடக்கிறது. மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். போய்ச் சொன்னால் மதப் பிரச்சினையாக எடுப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

பயப்படாமல் சொல்லுங்கள், அம்மா. ஆராதனை நடக்கும்போது வாசலில் நின்று சொல்வதைவிட, பகலில் ஒரு நாள், ஊரில் மதிக்கப்படும் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போதகரைப் பாருங்கள். பரீட்சை நடக்கும் திகதிகளை எழுதிக் கையில் கொடுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும் என்பதும், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை அந்த அனுமதி கொடுக்கக்கூடாது என்று 2007 இல் உயர் நீதிமன்றம் பணித்தது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். ஆனால் முதல் பேச்சில் சட்டத்தை எடுக்க வேண்டாம்.

சபைக்காரருக்கு நாங்கள் சொல்வது வேறு. அயலவர் வந்து கேட்கும்வரை காத்திருந்ததே வெட்கம். "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" செபிக்கச் சொன்ன இயேசுவின் பெயரால் ஒரு பிள்ளையின் நித்திரையைக் கெடுக்கிறீர்கள். முழு இரவுச் செபம் வைக்கலாம், 10 மணிக்கு மைக்கை அணைத்துவிட்டு வாயால் செபியுங்கள். முப்பது நாற்பது பேர் இருக்கும் கூடத்துக்கு மைக்கே தேவையில்லை. தகரக் கூரையில் சத்தம் எதிரொலித்துச் சொல் தெளியாது. தெளியவில்லை என்று இன்னும் கூட்டுவார்கள், கூட்டக்கூட இன்னும் குழம்பும். முன்னால் ஒரு பெரிய பெட்டியை அலறவிடாமல், நடுவில் இரண்டு சிறிய பெட்டிகளை உள்நோக்கித் திருப்பிக் குறைவாக வையுங்கள். சுவரைத் துளைத்துப் போவது பேஸ் என்ற அடித்தொனி, அதைக் குறையுங்கள். பிறகு ஒருவர் வீதிக்குப் போய் நின்று கேட்கட்டும். அங்கே சொல் விளங்கினால் சத்தம் அதிகம்.

"கோயிலிலும்தானே போடுகிறார்கள்" என்று ஒரு பதில் வரும். கோயில் தர்மகர்த்தாவிடம் அதைப் பேசும் தகுதி, முதலில் தன் மைக்கை அணைத்தவருக்குத்தான் உண்டு.

கேள்வி: பக்கத்து வீட்டு அக்கா தைப்பொங்கலுக்குப் பொங்கல் கொண்டுவந்து தருவா. வாங்கலாமா? (முழங்காவில் வாசகி)

வாங்குங்கள், இரண்டு கையாலும் வாங்குங்கள். முற்றத்துப் பொங்கல் விளைச்சலுக்கான நன்றி. கத்தோலிக்கக் கோயில்களிலேயே தை முதலாம் திகதி பொங்குகிறார்கள். சைவக் கோயிலில் படைத்தது என்று சொல்லித் தரப்படுவதைப் பற்றி சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. 1 கொரிந்தியர் 10 ஆம் அதிகாரத்தை 25 ஆம் வசனத்திலிருந்து வாசித்து, உங்கள் மனச்சாட்சி தடுத்தால் "அக்கா, நாங்கள் இது சாப்பிடுறேல்லை, குறை நினையாதேங்கோ" என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள். வாங்கிவைத்துவிட்டு வேலிக்கு அப்பால் கொட்டுவதுதான் மன்னிக்க முடியாத காரியம். ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், நத்தாருக்குப் பலகாரம் கொண்டுபோக மறக்கவும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் மாடுகள் இரவில் பட்டியை உடைத்துக்கொண்டு போய் அயலவரின் வயலில் இரண்டு பரப்பு அளவுக்கு மேய்ந்துவிட்டன. அவர் சைவர், சண்டைக்கு வரவில்லை, பேசாமல் இருக்கிறார். என்ன செய்வது? (ஒட்டுசுட்டான் வாசகர்)

அவர் பேசாமல் இருப்பதால் கடன் தீராது. யாத்திராகமம் 22:5 இதைப் பெயர் சொல்லியே பேசுகிறது: பிறன் வயலில் மேயவிட்டவன் தன் வயலின் பலனில் உத்தமமானதை எடுத்துக் கொடுக்க வேண்டும். சப்பட்டை நெல்லைக் கொடுத்துக் கணக்கு முடிக்க வழியில்லை.

இன்றே போய் அவரோடு வரம்பில் நடந்து பாருங்கள். கமக்கார அமைப்பில் ஒருவரைச் சாட்சிக்கு வையுங்கள். மேய்ந்த துண்டுக்கு நாலு மூலையிலும் தடி நாட்டுங்கள். பயிர் சின்னதாக இருக்கையில் மேய்ந்திருந்தால் மறுபடி தழைக்கும், வேரோடு பிடுங்கியதும் மிதித்துப் புதைத்ததும்தான் போகும். குடலைப் பருவத்தில் மேய்ந்திருந்தால் அந்தத் தூரில் கதிரை எதிர்பார்க்க முடியாது. ஆகவே அவசரத்தில் ஒரு தொகை பேசி முடிக்காமல் அறுவடைவரை பொறுங்கள். அன்று மேய்ந்த துண்டில் ஒரு சதுர மீற்றரும் அதற்குப் பக்கத்தில் மேயாத இடத்தில் ஒரு சதுர மீற்றரும் வெட்டி, அடித்து, தனித்தனியே நிறுங்கள். ஓரிடம் மட்டும் பார்த்தால் ஏமாறலாம், மூன்று இடங்களில் பாருங்கள். ஏக்கருக்கு 16 பரப்பு, ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர். வித்தியாசம் 300 கிராம் என்றால் இரண்டு பரப்புக்கு 150 கிலோ சொச்சம், அதாவது இரண்டு மூட்டைக்குச் சற்றுக் கூட. உங்கள் நெல்லில் நல்லதாக எடுத்து மூன்று மூட்டையாகக் கொண்டுபோய் அவர் திண்ணையில் இறக்குங்கள்.

பட்டியையும் இந்தக் கிழமையே திருத்துங்கள். கட்டாக்காலி மாட்டால் வன்னியில் நடக்கும் சண்டை போதும்.

கேள்வி: களை பிடுங்கவும் நாற்று நடவும் போகும் பெண்களுக்கு "சனிக்கிழமை தாறன்" என்று முதலாளி இழுத்தடிக்கிறார். அவர் எங்கள் சபை மூப்பர். நாங்கள் பேசலாமா? (கூலிக்குப் போகும் வாசகி)

பேசலாம், பேச வேண்டும். "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்பது லேவியராகமம் 19:13. நாட்கூலி வாங்குபவர் அன்று பின்னேரம் கடையில் அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்குபவர். சனிக்கிழமைவரை அவரைக் கடன் கொப்பியில் ஏற்றுவது முதலாளிதான். இரண்டு மூன்று பேராகப் போய், எந்த நாள், எத்தனை பேர், எவ்வளவு என்று எழுதிய துண்டைக் கொடுங்கள். கேட்காவிட்டால் போதகரிடம் அதே துண்டைக் கொடுங்கள்.

மூப்பருக்கு: காசு கையில் இல்லாத நாளில் ஆளைக் கூப்பிடாதீர்கள். ஆணுக்கு ஒரு கூலி, அதே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைந்த கூலி என்பதையும் விடுங்கள். கடையும் ஆலையும் வைத்திருக்கும் விசுவாசிகளுக்கும் ஒன்று. ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதமும் உங்கள் பங்கு 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதமும் அடுத்த மாத முடிவுக்குள் கட்டப்பட வேண்டும். ஊழியரிடம் 8 ஐப் பிடித்துக்கொண்டு கட்டாமல் விட்டு, அந்த மாதமே காணிக்கைப் பெட்டியில் தசமபாகம் போட்டால், போட்டது யாருடைய காசு?

கேள்வி: 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. நான் இங்கேதான் பிறந்தேன். இன்னும் எங்கள் கத்தோலிக்கக் கோயில் வளவுக்குள்ளேயே "தோட்டக்காட்டார்" என்ற சொல்லைக் கேட்கிறேன். கூட்டுவதற்கும் பந்தல் போடுவதற்கும் கூப்பிடுகிறார்கள், வாசகம் வாசிக்க ஒருநாளும் கூப்பிட்டதில்லை. (வவுனியா வாசகர்)

காடு வெட்டி, கிணறு தோண்டி இந்த மண்ணை விளையவைத்ததில் உங்கள் பெற்றோரின் கை உண்டு. அந்தச் சொல்லைக் கோயில் வளவுக்குள் சொல்பவர் பலிபீடத்தை நோக்கி நிற்கவே கூச வேண்டும். யாக்கோபு 2:1-4, ஒருவனுக்கு நல்ல இடத்தையும் இன்னொருவனுக்குப் பாதபடியையும் காட்டும் சபையைக் கண்டிக்கிறது. "தேவனுடைய நாமம் புறஜாதிகளுக்குள்ளே உங்களாலே தூஷிக்கப்படுகிறதே" என்று ரோமர் 2:24 சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். இதை ஊர் முழுக்கப் பார்க்கிறது.

பங்குச் சபையில் இருப்பவர்கள் கடந்த பத்து வருடத்துப் பெயர்ப்பட்டியலை எடுத்துப் பாருங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று வந்தவர்கள் எந்தெந்தக் குடும்பம்? வாசகம், மன்றாட்டு, காணிக்கைக் கணக்கு, கூட்டுதல், பந்தல் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எழுதி, குடும்ப முறையாகச் சுற்றுக்கு விடுங்கள். கூட்டும் முறை முன்வரிசைக் குடும்பத்துக்கும் வரட்டும். செத்த வீட்டிலும் கலியாண வீட்டிலும் சபைக்காரர் எந்த வீட்டில் சாப்பிடுகிறார்கள், எந்த வீட்டில் சோடாவோடு எழும்பிவிடுகிறார்கள் என்பதைப் பங்குத்தந்தை கவனிக்கட்டும், கவனித்துவிட்டு அந்த வீட்டில் அவரே முதலில் இலையில் உட்காரட்டும்.

நீங்கள் சத்தமில்லாமல் வேறு சபைக்கு மாறிப்போக வேண்டாம், முதலில் எழுதிக் கொடுங்கள். எந்தத் திகதி, எந்த இடம், சொன்ன சொல் என்ன, யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பங்குத்தந்தையிடம் கையில் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். ஒரு மாதத்தில் ஒன்றும் நடக்காவிட்டால் ஒப்பம் வாங்கிய பிரதியை ஆயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.