மழைக்காட்டுப் பயிற்சிக்கு மகளை அனுப்பலாமா?

காரைக்குடியில் விலங்கியல் படிக்கும் மகள் மலேசியாவின் தமன் நெகாரா தேசியப் பூங்காவில் பயிற்சிக்குப் போக ஆசைப்படுகிறாள், அங்கே என்ன வேலை இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்புங்கள்.

4,343 சதுர கிலோமீட்டர் காடு அது. புலி கண்ணில் படுவது அபூர்வம். தானியங்கிக் கேமராவில்தான் சிக்கும். பாதையின் இருபுறமும் எதிரெதிரே, முழங்கால் உயரத்தில் மரத்தில் கட்டுவார்கள். ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு. ஒரே புலிக்கும் இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் ஒரு மாதிரி. அதனால் இரண்டு படமும் வேண்டும். இத்தகைய பயிற்சியில் பாதிப் பொழுது படங்களைப் பிரிப்பதிலேயே போகும். அட்டைக்கடி பழகிவிடும், பொறுமைதான் முக்கியம்.

பயிற்சி நடத்துபவர்கள் சுற்றுலா விசாவில் வரச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

விண்ணப்பிக்கும் முன், மார்கழியில் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப்போய் நத்தைகுத்தி நாரைகளை எண்ணச் சொல்லுங்கள். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிக்காத, அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி கிராம மக்களிடமும் பேசட்டும். அந்தக் குறிப்புகளை விண்ணப்பத்தோடு இணைக்கலாம்.