லண்டன் மாரத்தான்: முதல் முறை ஓடுகிறவர்களுக்கு

ஏப்ரலில் முதல் முறை மாரத்தான் ஓடத் துடிக்கும் தம்பி தங்கைகள் கேட்டவை கீழே. லண்டனில் பல வருடமாக ஓடுகிறவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அக்கா, குலுக்கலில் இடம் கிடைக்கவில்லை. வேறு வழி உண்டா?

2026 ஓட்டத்துக்கு 11 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள், மனம் தளர வேண்டாம். தொண்டு நிறுவனங்களிடம் இடம் இருக்கும். பெரும்பாலும் 2,000 பவுண்டு அளவில் நிதி திரட்டித் தர வேண்டும். அது சிரமம் என்றால் பிரைட்டன், மான்செஸ்டர் பாருங்கள். அவையும் ஏப்ரலில்தான்.

மதுரையில் வளர்ந்தவன் நான். ஜனவரிக் குளிரில் வெளியே கால் வைக்க முடியவில்லை. டிரெட்மில் போதுமா?

வார நாட்களுக்குப் போதும், ஞாயிறு நீள ஓட்டத்துக்குப் போதாது. ஜனவரியில் எட்டு மணிக்குத்தான் விடிகிறது, ஒன்பதுக்குக் கிளம்புங்கள். வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும். அங்கேயே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டும். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம், நனைந்து உடம்போடு ஒட்டி நடுங்க வைக்கும். கையுறை கட்டாயம்.

சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பக்கத்துப் பூங்காவில் பார்க்ரன் இருக்கிறதா பாருங்கள். எல்லோரும் சேர்ந்து ஓடும் 5 கிலோமீட்டர் ஓட்டம், இலவசம். 2004ல் லண்டன் புஷி பார்க்கில் 13 பேரோடு தொடங்கியது. இந்த ஊருக்கு வந்த புதிதில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆட்கள் அங்கேதான் கிடைத்தார்கள்.

ஓடும்போது சக்திக்குச் சாப்பிடும் ஜெல் எனக்குக் குமட்டுகிறது. என்ன சாப்பிடுவது?

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போனால் சரி. நான் பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்து, நாலாக நறுக்கி, துளி உப்பு தொட்டு வைத்துக்கொள்வேன். எதுவானாலும் பயிற்சியிலேயே பழகிவிடுங்கள். ஓட்டத்துக்கு முந்தைய நாள் இரவு தயிர்சாதம் போதும். சுண்டல், பயறு வேண்டாம். தண்ணீரைத் தாகத்துக்கு மட்டும் குடியுங்கள். அளவுக்கு மீறினால் ரத்தத்தில் சோடியம் குறையும், அது உயிருக்கே ஆபத்து.

30 கிலோமீட்டரில் உடம்பு நின்றுவிடுமாமே?

நின்றுவிடும், பெரும்பாலும் முதல் 5 கிலோமீட்டரில் செய்த தப்பால். கிரீனிச் பக்கம் கிளம்பியதும் பாதை இறங்குகிறது, கால் தானாக ஓடும். தசையில் சேர்ந்த எரிபொருளான கிளைகோஜனை அங்கேயே வேகமாகக் கரைத்துவிடுகிறோம். நான் அப்படித்தான் பறந்தேன். டவர் பிரிட்ஜ் தாண்டி வலது பக்கம் திரும்பினால், எதிர்ப்பக்கம் 22வது மைலில் இருப்பவர்கள் ஓடி வருவார்கள். நான் அப்போது 13ல். 30 கிலோமீட்டர் பக்கம், கனாரி வார்ஃபில் இடது கெண்டைக்கால் முடிச்சுப் போட்டது. கம்பியைப் பிடித்து நின்றேன். ஒரு பாட்டி டப்பாவைத் திறந்து, தோலோடு நறுக்கிய ஆரஞ்சுத் துண்டை நீட்டினார். அந்தப் புளிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. மீதியை நடந்தும் ஓடியும் முடித்தேன்.

அதனால் முதல் 10 கிலோமீட்டரைத் திட்டமிட்ட வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 15 விநாடி மெதுவாக ஓடுங்கள். யார் முந்தினாலும் விடுங்கள்.

ஊரில் அம்மா பயப்படுகிறார்கள்.

நீங்கள் எங்கே ஓடுகிறீர்கள் என்று காட்டும் மாரத்தான் செயலியை அவர்கள் போனில் போட்டுக் கொடுங்கள். பாதையில் விரித்த நேரப்பட்டையைத் தாண்டும்போதுதான், அதாவது 5 கிலோமீட்டருக்கு ஒரு முறைதான், நேரம் பதிவாகும், நடுவில் புதுத் தகவல் வராவிட்டால் பதற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நாலரை மணி நேர வித்தியாசம். நான் முடிவுக்கோடு இருக்கும் தி மால் சாலையில் முடித்தபோது ஊரில் இரவு எட்டாகியிருந்தது. அம்மா சாப்பிடாமல் காத்திருந்தார்கள். முடித்ததும் முதல் போன் அவர்களுக்குப் போடுங்கள்.