போலி வைப்புச் சான்றிதழால் மறுக்கப்பட்ட மாணவர் விசா: முதல் 28 நாட்களில் செய்ய வேண்டியவை

கேள்வி: என் மகன் உயர்தரம் வணிகப் பிரிவில் சித்தியடைந்தவர். லண்டனுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தது. காலி வீதியிலுள்ள கல்வி முகவர் ஒருவர் மூலம் விண்ணப்பித்தோம். எட்டரை இலட்சம் ரூபா கொடுத்தோம், ஐந்து இலட்சத்துக்கு மட்டுமே பற்றுச்சீட்டு இருக்கிறது. எங்கள் சேமிப்பு போதாது என்றபோது, "மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். சென்ற வாரம் விசா மறுக்கப்பட்டது. கணவரின் பெயரில் கொடுத்த நிலையான வைப்புச் சான்றிதழ் போலி என்றும், இனி 10 வருடங்களுக்கு விண்ணப்பங்கள் மறுக்கப்படலாம் என்றும் கடிதத்தில் உள்ளது. அப்படியொரு சான்றிதழை நாங்கள் கண்ணாலும் காணவில்லை. முகவரோ, "விடுங்கள், அவுஸ்திரேலியாவுக்குப் போடுவோம்" என்கிறார். தடையை நீக்க முடியுமா? பணம் திரும்ப வருமா? பொலிஸுக்குப் போனால் எங்களையே பிடிப்பார்களா?
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: முகவரிடம் கொடுத்த பணத்தைப் பற்றிய கவலையைச் சில நாட்களுக்கு ஒதுக்கி வையுங்கள். அதற்கு மாதங்கள், ஏன் வருடங்களே இருக்கின்றன. மறுப்புக்கு எதிராக நிர்வாக மீளாய்வு (அந்த முடிவை விசா அலுவலகமே மீண்டும் பரிசீலிப்பது) கோர, முடிவு கையில் கிடைத்த நாளிலிருந்து 28 நாட்கள்தான். சென்ற வாரமே கடிதம் வந்துவிட்டதால் அதில் ஒரு பகுதி கழிந்துவிட்டது. மின்னஞ்சல் முகவரின் முகவரிக்குத்தான் வந்ததென்றால், அது வந்த திகதியை இன்றே கேட்டறியுங்கள். அவர் சொல்லும் திகதியை நம்பி இருக்காமல், மின்னஞ்சலையே உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கடிதத்தில் இரண்டு விடயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, ஆவணம் போலி என்பது. மற்றொன்று, உங்கள் மகன் ஏமாற்றினார் என்பது. பிரித்தானியக் குடிவரவு விதிகளில் இவை ஒன்றல்ல. போலி ஆவணம் விண்ணப்பதாரருக்குத் தெரியாமலே சேர்க்கப்பட்டிருந்தாலும் அந்த விண்ணப்பத்தை மறுக்கலாம். பத்தாண்டுத் தடைக்கோ விண்ணப்பதாரரே ஏமாற்றியிருக்க வேண்டும். அதை ஏமாற்றவில்லை என்பதைவிட ஏமாற்றியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்கு நிரூபிப்பது அந்த அரசின் பொறுப்பு. ஆகவே மறுப்பை மாற்ற முடியாமல் போனாலும் தடையை நீக்க வழி இருக்கிறது. உங்கள் வழக்கின் உயிர்நாடி இந்த வேறுபாடுதான்.

இனி நேராகப் பேச வேண்டிய ஓர் இடம். "மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று முகவர் சொன்னார், நீங்களும் சரி என்றீர்கள். "உங்களிடம் இல்லாத பணத்தை எப்படிக் காட்டப்போகிறார் என்று நினைத்தீர்கள்?" என்பதுதான் பிரித்தானிய விசா அதிகாரிகளிடமிருந்து வரும் முதல் கேள்வி. வங்கிக் கடன் எடுத்துத் தருவார் என்று நம்பினீர்களா? அது வாட்ஸ்அப்பில் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா? கணவர் கையெழுத்திட்ட பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில் வைப்பு இலக்கமும் தொகையும் ஏற்கெனவே இருந்தனவா, அல்லது வெற்றிடமாக இருந்த கடிதத்திலா கையெழுத்திட்டார்? இணைய விண்ணப்பத்தில் "அனைத்தும் உண்மை" என்ற உறுதிமொழியை அழுத்தியது மகனா, முகவரின் ஊழியரா? இவற்றுக்கு உண்மையான விடை எதுவோ அதை மட்டும் எழுதுங்கள். மீளாய்வில் ஒன்று, பொலிஸில் ஒன்று, அடுத்த நாட்டு விண்ணப்பத்தில் இன்னொன்று என்று கதை மாறினால், இல்லாத ஏமாற்றை நீங்களே உண்டாக்கியவர்கள் ஆவீர்கள். மகனுக்கு அது போலி என்று தெரிந்திருந்தால், யாருக்கும் எதையும் எழுதித் தருவதற்கு முன் ஒரு சட்டத்தரணியைத் தனியே சந்தியுங்கள்.

முதல் வேலை, அனுப்பப்பட்ட ஆவணத் தொகுதியின் முழுப் பிரதியை எடுப்பது. விசா இணையக் கணக்கின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் முகவரிடம் எழுத்தில் கேளுங்கள், கிடைத்ததும் மாற்றிவிடுங்கள். சான்றிதழின் பிரதியைக் கணவரே எடுத்துச் சென்று, குறித்த வங்கிக் கிளையில் அதன் இலக்கத்தைச் சரிபார்க்கக் கேட்டு, பதிலை வங்கியின் கடிதத் தலைப்பில் வாங்குங்கள். "இந்த இலக்கத்தில் இந்த வாடிக்கையாளருக்கு வைப்பு இல்லை" என்ற கடிதம் உங்களுக்கு எதிரானதாகத் தோன்றலாம். ஆனால் பொலிஸ் முறைப்பாட்டுக்கு அதுதான் அத்திவாரம். மாறாக, வைப்பு உண்மையில் இருந்து சரிபார்ப்பில் பிழை நேர்ந்திருந்தால் (பழைய கிளைக் குறியீடு, பெயரின் ஆங்கில எழுத்து வேறுபாடு, தகவல் தர அதிகாரமில்லாத அலுவலரின் பதில் போன்றவை), அதே கடிதம் மறுப்பையே கவிழ்க்கும். விசா அதிகாரிகள் வங்கியிடம் என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்பது அவர்களின் ஆவணச் சரிபார்ப்பு அறிக்கையில் இருக்கும். பிரித்தானியத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் மகன் தன்னைப் பற்றிய கோப்பைக் கட்டணமின்றிக் கோரலாம், ஒரு மாதத்தில் தர வேண்டும். அதற்காக மீளாய்வைத் தள்ளிப்போடாதீர்கள், 28 நாட்கள் அதற்குள் முடிந்துவிடும்.

மீளாய்வை இணையத்தில் கோர வேண்டும், கட்டணம் 80 பவுண். வழமையாக மீளாய்வில் புதிய ஆவணம் எதையும் ஏற்கமாட்டார்கள். போலி ஆவணம், ஏமாற்று என்ற காரணங்களால் வந்த மறுப்பு அதற்கு விலக்கு: அந்த முடிவு பிழையானது என்று காட்டப் புதிய சான்று சேர்க்கலாம். சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன் மகனும் கணவரும் தனித்தனியே செய்த சத்தியக்கடதாசிகள், பற்றுச்சீட்டு, முகவருடனான செய்திகள், வங்கியின் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டின் உறுதிப்படுத்திய பிரதி ஆகியவற்றை இணையுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ உள்ளவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலமாக்குங்கள். கோரிக்கையை இரண்டாகப் பிரித்து எழுதுவது நல்லது: முடிவு பிழை என்பது ஒன்று; முடிவு நிலைத்தாலும் ஏமாற்று என்ற கண்டறிவு நீக்கப்பட வேண்டும் என்பது மற்றொன்று. கெஞ்சும் கடிதம் வேண்டாம். மகனின் எதிர்காலம் பற்றிய பத்திகளை மீளாய்வு அலுவலர் கணக்கில் எடுக்கமாட்டார். எந்தத் திகதியில் யார் எந்த ஆவணத்தைக் கொடுத்தார்கள் என்பதையே பார்ப்பார். அதிலும் தோற்றால் எஞ்சியிருப்பது நீதிமுறை மீளாய்வு, அதாவது முடிவு சட்டப்படி சரியா என்று பிரித்தானிய நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்வது. அதைத் தாமதமின்றி, எப்படியும் மூன்று மாதங்களுக்குள், அங்குள்ள சட்டத்தரணி மூலம் தொடுக்க வேண்டும். செலவு பெரிது, பட்டப்படிப்புக்காக மட்டும் என்றால் அந்தப் பணத்தை வேறு வழியில் செலவிடச் சொல்வேன்.

பொலிஸ் விடயம். உண்மையில் உங்களுக்குத் தெரியாதென்றால், முறைப்பாடு செய்யாமல் இருப்பதுதான் ஆபத்து. ஏமாற்றப்பட்டவர் ஏன் மௌனமாக இருந்தார் என்ற கேள்விக்குப் பிறகு பதில் சொல்ல முடியாது. வெள்ளவத்தைப் பொலிஸிலோ கொழும்பு மோசடி விசாரணைப் பணியகத்திலோ முறையிடலாம். தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவு, ஏமாற்றிப் பணம் பெறும் குற்றத்துக்கு ஏழு ஆண்டு வரை சிறை விதிக்கிறது. போலி ஆவணம் புனைவது 454ஆம் பிரிவிலும், போலியை உண்மையானதாகப் பயன்படுத்துவது 459ஆம் பிரிவிலும் வரும். இந்த 459தான் உங்கள் பயத்துக்குக் காரணம். ஆனால் அதற்குப் போலி என்ற அறிவோ, நம்பக் காரணமோ இருந்திருக்க வேண்டும். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது. சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துக் கேட்டால், முழுவதும் மொழிபெயர்த்து வாசிக்கப்படும் வரை கையெழுத்திடாதீர்கள். "நாங்கள் கேட்டுத்தான் முகவர் செய்தார்" என்று பொருள்படும் ஒரு வரி அதில் இருந்தால், மீளாய்விலும் அதே வரிதான் உங்கள் முன் நிற்கும்.

"இது காசுப் பிரச்சினை, கோர்ட்டுக்குப் போங்கள்" என்று திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. அப்போது போலிச் சான்றிதழையும் வங்கியின் கடிதத்தையும் முன்னே வையுங்கள்; போலி ஆவணம் காசுப் பிரச்சினை அல்ல. அதற்கும் அசையாவிட்டால் எழுத்து முறைப்பாட்டைப் பதிவுத் தபாலில் பிரதேசத்துக்குப் பொறுப்பான உயர் அதிகாரிக்கு அனுப்பலாம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 136(1)(அ) பிரிவின்படி நீதவான் நீதிமன்றத்தில் தனிப்பட்ட முறைப்பாடு தாக்கல் செய்யவும் இடமுண்டு.

மீட்கப் பார்க்கக்கூடிய பணம் மூன்று இடங்களில் இருக்கிறது. விசாக் கட்டணம் போனது போனதுதான். அங்குள்ள அரச மருத்துவ சேவைக்காக விசாவோடு கட்டும் சுகாதார மேலதிகக் கட்டணம் மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண். மூன்றாண்டுப் படிப்பென்றால் 2,328 பவுணுக்குக் குறையாது. விசா மறுக்கப்பட்டால் அது தானாகவே திரும்பும், ஆனால் செலுத்திய அட்டைக்கே திரும்பும். முகவரின் அட்டையால் செலுத்தியிருந்தால் பணம் அவருக்கே போய்ச் சேரும். நீங்கள் கேட்காவிட்டால் அது வந்ததே உங்களுக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்துக்குக் கட்டிய முற்பணமும் அப்படித்தான்: எந்தக் கணக்கிலிருந்து போனதோ அங்கேயே பெரும்பாலும் திருப்புவார்கள். எனவே மகனின் சொந்த மின்னஞ்சலிலிருந்து சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு இந்த வாரமே எழுதி, முகவருக்கான அதிகாரம் இரத்து என்றும், பணத்தைக் குடும்பக் கணக்குக்கே அனுப்ப வேண்டும் என்றும் கேளுங்கள். போலி ஆவணத்தால் விசா மறுக்கப்பட்டால் முற்பணத்தைத் திருப்பாத விதி பல பல்கலைக்கழகங்களில் உண்டு, சேர்க்கைக் கடிதத்தின் பணமீளளிப்பு நிபந்தனையைப் பாருங்கள். மீளாய்வு முடியும் வரை தீர்மானத்தை ஒத்திவைக்கும்படியும் கேட்கலாம்.

முகவரிடம் கொடுத்த எட்டரை இலட்சத்துக்குச் சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம், பிறகு வழக்கு. காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டு, வாய்மொழி ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டு, தீங்கியல் வழக்குக்கு (ஒருவர் செய்த தீங்கால் நேர்ந்த நட்டத்தைக் கோருவது) 2 ஆண்டு. பற்றுச்சீட்டில்லாத மூன்றரை இலட்சத்தை வங்கியிலிருந்து எடுத்த திகதி, "கிடைத்தது அக்கா" என்ற வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றால் நிறுவலாம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் அத்தகைய செய்திகளைச் சான்றாக ஏற்க வழிசெய்கிறது. படம் பிடித்து வைத்தால் போதாது, அந்தத் தொலைபேசியையே மாற்றாமல் வைத்திருங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடுவதென்றால் சேவை கிடைத்து மூன்று மாதங்களுக்குள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் கல்வி முகவர்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் இடமல்ல. முகவர் "படிப்போடு வேலையும் உறுதி" என்று பணம் வாங்கியிருந்தால் மட்டும் பத்தரமுல்லையிலுள்ள பணியகத்துக்கும் எழுதுங்கள், அழைப்பிலக்கம் 1989.

பாதிப் பணத்தைத் தருகிறேன், இதில் ஒரு கையெழுத்து வையுங்கள் என்று முகவர் வரலாம். "ஆவணங்கள் அனைத்தையும் நாங்களே கொடுத்தோம்" என்ற வாசகம் அதில் ஒளிந்திருந்தால் அந்தப் பாதிப் பணம் பத்தாண்டுகளுக்கு விலையாகிவிடும்.

அவுஸ்திரேலியா பற்றி: பிரித்தானியத் தடை அவர்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்று படிவம் கேட்கும். "இல்லை" என்று எழுதினால் அந்தப் பொய்யே மறுப்புக்குப் போதும், மேலும் 3 ஆண்டுத் தடை வரும். கனடாவில் தவறான தகவலுக்கு 5 ஆண்டு. பிரித்தானியா, அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்தும் குடிவரவுத் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன. கைரேகை ஒன்றே போதும். அதனால் மீளாய்வு முடிவு வரும் வரை எங்கும் விண்ணப்பிக்க வேண்டாம். அதே முகவர் மூலம் ஒருபோதும் வேண்டாம்.

பிரித்தானியாவுக்கே மீண்டும் விண்ணப்பிக்கும் நாள் வந்தால், பணக் கணக்கை நீங்களே போடுங்கள். 2025 நவம்பர் 11 முதல் வாழ்க்கைச் செலவாக லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண், லண்டனில் 1,529 பவுண், அதிகபட்சம் 9 மாதங்களுக்குக் காட்ட வேண்டும். லண்டனுக்கு வெளியே அது 10,539 பவுண், அத்துடன் முதலாண்டுக் கட்டணத்தில் செலுத்தாத மீதி. அந்தத் தொகை தொடர்ந்து 28 நாட்கள், ஒரு நாள்கூடக் குறையாமல் கணக்கில் இருக்க வேண்டும். வங்கிக் கூற்றின் கடைசி நாள் விண்ணப்பத் திகதிக்கு 31 நாட்களுக்குள் வர வேண்டும். கணக்கு மாணவருடையதாகவோ பெற்றோருடையதாகவோ இருக்கலாம். மாமா, பெரியப்பாவின் கணக்கு, அவர் சட்டபூர்வப் பாதுகாவலராக இல்லாவிட்டால், செல்லாது. கனடாவிலுள்ள சித்தப்பா உதவுவதென்றால் 28 நாட்களுக்கு முன்பே வங்கி மூலம் பெற்றோர் கணக்குக்கு அனுப்பட்டும். ரூபாவை ஓஆண்டா (OANDA) என்ற நாணய மாற்று இணையதளத்தின் மாற்று விகிதத்தில் கணக்கிடுவார்கள் என்பதால், சரியாக எல்லையில் நிற்காமல் ஐந்து, பத்து வீதம் மேலதிகமாக வையுங்கள். பணம் இல்லையென்றால் அந்த ஆண்டு விண்ணப்பிக்காதீர்கள்.

இந்த ஆண்டு மகன் வீட்டில் இருக்க வேண்டியதில்லை. நாவலை திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. கொழும்பிலேயே நடக்கும் வெளிநாட்டுப் பட்டப்படிப்புகளுக்கு விசா தேவையில்லை, ஆனால் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தை இங்குள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்குமா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள். இந்திய உயர்ஸ்தானிகராலயம் அறிவிக்கும் நேரு நினைவுப் புலமைப்பரிசில் போன்றவற்றுக்கு முகவரே தேவையில்லை.

சட்டத்தரணிக் கட்டணம் சுமையாக இருந்தால் புதுக்கடை மேல் நீதிமன்றக் கட்டடத் தொகுதியிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவில் வருமான விபரத்துடன் விண்ணப்பியுங்கள். போகும்போது மறுப்புக் கடிதம், பற்றுச்சீட்டு, முகவருடனான செய்திகளின் அச்சுப்பிரதி, மகனின் கடவுச்சீட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மகனையும் அழைத்துச் செல்லுங்கள். சத்தியக்கடதாசியில் கையெழுத்திட வேண்டியவர் அவர்தான்.