ஒன்பது மணி யாருடையது?

கேள்வி: எனக்கு 52 வயது. வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலைக் கல்வியில் வரலாறு முதுகலை படிக்கிறேன். முதலாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது; அடுத்த ஆண்டு தொடங்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இரவு ஒன்பது மணியானால் தன்னால் கால் மேசைப் பக்கம் போகிறது. போய் உட்கார்ந்தால் செய்ய ஒன்றுமில்லை. நாவல் எடுத்தால், இந்த வயதில் நேரத்தை வீணடிக்கிறோமே என்று உறுத்துகிறது. வீட்டிலோ, 'அம்மா, இப்ப சும்மாதானே இருக்கே' என்று ஒவ்வொரு வேலையாக வந்து சேர்கிறது. படித்ததெல்லாம் மறந்துவிடுமோ என்ற பயம் வேறு. புத்தக ஓரங்களில் பென்சிலால் குறித்து வைத்த கேள்விகள் ('தோற்ற படையின் சிப்பாய் ஊருக்கு எப்படித் திரும்பினான்?' என்பது போல) தேர்வுக்கு வராதவை என்பதால் அப்படியே கிடக்கின்றன. பேசாமல் அடுத்த ஆண்டுப் பாடத்தை இப்போதே தொடங்கிவிடட்டுமா?

பதில்: வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன 'சும்மாதானே இருக்கே' என்பதைப் பேசியாக வேண்டும்.

ஓராண்டாக அந்த மேசையில் நீங்கள் உட்கார்ந்தபோது யாரும் குறுக்கே வரவில்லை, இல்லையா? அம்மாவுக்குப் பரீட்சை. வீடு மதித்தது பரீட்சையை. உங்களுக்கென்று ஒரு நேரம் உண்டு என்பதை அது இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் கடைசித் தாளை எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததும் ஒன்பது மணி பொதுச் சொத்தாகிவிட்டது.

வீட்டாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். நாவல் உறுத்துகிறது, பாடநூல் உறுத்துவதில்லை. இரண்டும் வாசிப்புதான், ஒன்றுக்கு மதிப்பெண் உண்டு, மற்றதற்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த ஆண்டுப் பாடத்தை இப்போதே எடுக்கத் துடிப்பதும் இதனால்தான் என்று எனக்குப் படுகிறது. கையில் பாடநூல் இருந்தால் மற்றவர்களும் கேட்க மாட்டார்கள், உங்கள் மனசும் கேட்காது.

இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள்: 'ஒன்பதிலிருந்து பத்தரை வரை என்னைக் கூப்பிடாதீர்கள்.' எதற்கு என்று கேட்டால் 'படிக்கிறேன்' என்று பொய் சொல்ல வேண்டாம். 'எனக்கு வேண்டும்' என்றே சொல்லுங்கள். சொல்லும்போது நாக்கு கூசும். பரவாயில்லை, சொல்லுங்கள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் எழுந்து போகத்தான் வேண்டும், அதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் துணி மடிப்பதும் கணக்குப் பார்ப்பதும் அப்படியல்ல. தேர்வு நேரத்தில் அந்த வேலைகளை யாரோ செய்துகொண்டுதானே இருந்தார்கள்? அவர்களே தொடர்ந்து செய்யட்டும்.

வயது வந்தபின் படிக்கிறவர்களுக்கு நாளின் ஓரங்கள்தான் கிடைத்திருக்கின்றன. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அதன் பாடங்கள் பிபிசியில் அதிகாலையிலும் நள்ளிரவிலும் பல ஆண்டுகள் ஒளிபரப்பாயின. மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் விழித்திருந்து பட்டம் வாங்கியவர்கள் அவர்கள். நீங்களும் அப்படி ஓர் ஓரத்தைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். மூன்று மாதம் விட்டுக்கொடுத்தால், வகுப்பு தொடங்கும்போது அதை மறுபடி முதலிலிருந்து போராடித்தான் வாங்க வேண்டியிருக்கும்.

மறதி பற்றிய பயத்துக்கு வருகிறேன். மறக்கும், அது நிச்சயம். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-ல் வெளியிட்டது இதைத்தான்: படித்த கையோடு வேகமாக மறக்கிறோம், பிறகு மறதியின் வேகம் குறைந்துவிடுகிறது. அவரே கண்ட இன்னொன்றை நாம் அதிகம் பேசுவதில்லை. அடியோடு மறந்துவிட்டதாகத் தோன்றுவதையும் இரண்டாம் முறை படிக்கும்போது முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே ஆகிறது. ஆக, போனது முழுக்கப் போகவில்லை.

அதற்காகப் பழைய பாடத்தையெல்லாம் உட்கார்ந்து திருப்பிப் படிக்கவும் வேண்டாம். 2006-ல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரே பாடப் பகுதியைச் சில மாணவர்களிடம் திரும்பப் படிக்கச் சொன்னார்கள்; மற்றவர்களிடம் மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம், திரும்பப் படித்தவர்கள் 42 சதவீதம். எனவே வாரத்தில் ஓர் இரவு, ஒரு வெள்ளைத்தாள், இருபது நிமிடம். ஒரு பாடத்தின் பெயரை மேலே எழுதிவிட்டு, நினைவில் நிற்பதைக் கிறுக்குங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதைப் பாருங்கள். பயத்துக்கு இவ்வளவு கொடுத்தால் போதும்.

மிச்ச இரவுகள் அந்தப் பென்சில் கேள்விகளுக்கு. உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பிடித்தது அந்தச் சிப்பாய்தான். வெற்றி தோல்வியையும் ஒப்பந்தங்களையும் எழுதிவிட்டுப் பாடநூல் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும்; களத்தில் நிற்கிறவனை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். வரலாறு படிக்கப் பிறந்தவர்கள் கேட்கிற கேள்வி இது. ஒரு நூல்முனை தருகிறேன். கி.மு. 401-ல் பாரசீக இளவரசன் சைரஸுக்காகப் போரிடப் போன கிரேக்கக் கூலிப்படையினர் ஏறத்தாழ 10,000 பேர். பாபிலோனை நெருங்கிய இடத்தில் நடந்த சண்டையில் சைரஸ் செத்துப்போனான். சம்பளம் தர ஆளில்லை. போதாததற்கு, பேச்சுவார்த்தைக்கென்று போன தளபதிகளும் சூழ்ச்சியில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். எஞ்சியவர்கள் புதிய தலைவர்களைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டு, மலைகளையும் கொடும்பனியையும் கடந்து கருங்கடல் வரை நடந்தார்கள். அந்தத் தலைவர்களில் ஒருவரான செனோஃபோன் அந்த நடையை விரிவாகவே எழுதி வைத்திருக்கிறார். அங்கே தொடங்குங்கள். 1812-ல் மாஸ்கோவிலிருந்து திரும்பிய நெப்போலியனின் படை வரைக்கும் உங்கள் கேள்வி தானே கூட்டிக்கொண்டு போகும். குறிப்பெடுக்கத் தோன்றினால் எடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். யாரும் திருத்தப்போவதில்லை.

நாவல் தாராளமாகப் படிக்கலாம். எந்த நாவல் என்று என்னிடம் கேட்காததற்கு நன்றி. அது உங்கள் இஷ்டம். சில இரவுகள் எதுவும் படிக்கத் தோன்றாது. அப்போதும் அந்த நாற்காலியில் போய் உட்காருங்கள். ஓராண்டு முழுக்க வேலையையும் படிப்பையும் ஒன்றாக இழுத்த உடம்பு அது, அசதி இருக்கத்தானே செய்யும்.

இனி அடுத்த ஆண்டுப் பாடம். இப்போதே தொடங்கினால் இந்த மூன்று மாதமும் இன்னொரு பருவமாகிவிடும்; அசதியோடேயே அடுத்த ஆண்டுக்குள் நுழைவீர்கள், பென்சில் கேள்விகள் மேலும் ஓராண்டு கிடக்கும். புத்தகங்கள் வந்தால் கட்டைப் பிரித்துப் பொருளடக்கத்தை மட்டும் பாருங்கள். உங்கள் சிப்பாய் எந்த அத்தியாயத்திலாவது தென்படுவான் போலத் தோன்றினால் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு மூடி வையுங்கள். வகுப்பு தொடங்கட்டும்.