டி3500-க்கு 50 எம்எம் டி லென்ஸ் வேண்டாம்
செகண்ட் ஹேண்ட் நிக்கான் டி3500 கேமரா வாங்கியாச்சு, ராத்திரி வீட்டுக்குள்ள பாப்பாவை எடுத்தா படம் கலங்குது, மலிவா கிடைக்கிற 50 எம்எம் 1.8 டி லென்ஸ் வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. அதை மட்டும் வாங்கிடாதீங்க! உங்க கேமரா பாடிக்குள்ள தானா ஃபோகஸ் பண்ற மோட்டார் கிடையாது, அந்த லென்ஸ்லயும் கிடையாது. கையாலதான் திருகணும், அதுக்குள்ள பாப்பா அடுப்படிக்குப் போயிடும். (நானும் அப்படி ஏமாந்தவன்தான்.)

'ஏஎஃப்-எஸ்'னு (லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருக்குன்னு அர்த்தம்) போட்ட 35 எம்எம் 1.8 ஜி டிஎக்ஸ் பழையதா தேடுங்க. கேமராவோட வர்ற கிட் லென்ஸ் 35 எம்எம்-ல சுமார் எஃப்/4.5 வரைக்கும்தான் திறக்கும்; இது எஃப்/1.8 வரைக்கும் திறந்து (எண் சின்னதானா திறப்பு பெருசு) ஆறு மடங்கு வெளிச்சம் வாங்கும். சின்ன அறையில 50 எம்எம் ரொம்ப நெருக்கமா காட்டும் வேற.

வாங்குறப்போ டார்ச் அடிச்சுப் பாருங்க, உள்ள பூஞ்சை தெரிஞ்சா விட்டுடுங்க. அதுவரைக்கும் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணர்ற அளவு) 3200-க்குப் பயப்படாம, ஷட்டர் வேகம் 1/200 செகண்ட் வச்சு, பகல்ல ஜன்னலோரமா எடுங்க.