மெனோர்காவின் கரையில் கிடந்தது குப்பையா?

அன்புள்ள சார்,

போன மாதம் குடும்பத்தோடு ஸ்பெயினின் மெனோர்கா தீவுக்குப் போயிருந்தோம். மக்கரேயா குடாவின் தண்ணீர் படத்தில் பார்த்த அதே நீலம். ஆனால் வேறொரு கரையில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்பு இலைக்குவியல், வாடை வேறு. இத்தனை பேர் வந்துபோகிற இடத்தை ஏன் கூட்டி அள்ளாமல் விட்டிருக்கிறார்கள்? மகள் மட்டும் அதில் கிடந்த உருண்டைகளைப் பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஏமாற்றம் புரிகிறது. ஆனால் நீங்கள் ரசித்த நீலத்துக்கும் முகம் சுளித்த குவியலுக்கும் காரணம் ஒன்றேதான்.

அந்த இலைகள் பொசிடோனியா என்ற கடற்புல்லுடையவை. கிரேக்கரின் கடல் தெய்வம் பொசைடனின் பெயர். இது பாசி அல்ல. வேர்விட்டு, பூத்து, காய்க்கிற செடி. இந்த இனம் மத்தியதரைக் கடலைத் தவிர வேறெங்கும் கிடையாது. நம் பாக் விரிகுடாவில் கடற்பசு மேய்வதும் கடற்புல்லைத்தான், அவை வேறு வகைகள்.

மக்கரேயாவில் நீலத்துக்கு நடுவே கரும்திட்டுகள் தெரிந்திருக்குமே, அவைதான் இந்தப் புல்வெளிகள். தண்ணீரில் மிதக்கும் தூசியை இலைகள் தடுத்து அடியில் படியவைக்கின்றன. தண்ணீர் தெளிகிறது. வெளிச்சம் வெள்ளை மணல்வரை போய்த் திரும்புகிறது. அந்த மணலிலும் பெரும்பங்கு, புல்வெளியில் வாழ்ந்து மடிந்த சிற்றுயிர்களின் ஓட்டுத்தூள். தீவின் தெற்குக் கரை சுண்ணாம்புக்கல், அதனால் அங்கே வெண்மை. வடக்கே பாறை வேறு, மிகப் பழையது. கவாயெரியா பக்கம் போனால் மணல் செம்மஞ்சளாக இருக்கும்.

இலையுதிர்காலத்தில் புல் பழைய இலைகளை உதிர்க்கிறது. அலை அவற்றைக் கரையில் மெத்தையாக அடுக்குகிறது. குளிர்காலப் புயலலை முதலில் மோதுவது அந்த மெத்தையில்தான், மணல் தப்பிக்கிறது. இயந்திரம் வைத்து அள்ளினால் இலையோடு மணலும் போய்விடும். கூட்டிச் சுத்தமாக்கிய கரை ஆண்டுக்காண்டு மெலியும். அதே தீவுக்கூட்டத்திலுள்ள ஃபொர்மென்தேராவில் பழைய வீட்டுக் கூரைகளில் இதே காய்ந்த இலையைப் பரப்பியிருக்கிறார்கள், வெயில் உள்ளே இறங்காமலிருக்க. அவர்களுக்கு இது குப்பையாகத் தெரியவில்லை.

எனக்கு உண்மையில் பதைக்கிறது நங்கூரங்களை நினைத்தால்தான். இந்தப் புல் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் பக்கவாட்டில் படரும். இபிசா தீவுக்கும் ஃபொர்மென்தேராவுக்கும் இடையே சுமார் 8 கிலோமீட்டர் நீளத்துக்கு மரபணுவில் ஒரே செடியாகப் பரந்து கிடப்பதை 2006இல் கண்டுபிடித்தார்கள். அது அவ்வளவு தூரம் படர எத்தனை ஆயிரம் ஆண்டு ஆகியிருக்கும்! ஒரு சொகுசுப் படகின் சங்கிலி ஒரு பிற்பகலில் அதைச் சீய்த்துவிடும். மெனோர்காவும் அடங்கிய பலியாரிக் தீவுகளின் அரசு 2018இல் புல்வெளிமேல் நங்கூரம் போடுவதைத் தடைசெய்தது. வரவேற்கிறேன்.

மறுபடி போனால் அக்டோபரில் போங்கள். கூட்டம் வடிந்திருக்கும், தண்ணீரில் கோடையின் வெதுவெதுப்பு மிச்சமிருக்கும். கமி டெ கவாய்ஸ் என்ற பழைய குதிரைப்பாதை 185 கிலோமீட்டர் தீவைச் சுற்றி வருகிறது. ஒரு குடாவிலிருந்து அடுத்ததற்கு அதில் நடந்து போய்ப் பாருங்கள்.

அப்புறம், மகளிடம் சொல்லுங்கள்: அவள் பொறுக்கியது அந்தப் புல்லின் நார். கடலடியில் அலை முன்னும் பின்னும் உருட்டி உருட்டிப் பந்தாக்கிக் கரைக்கு அனுப்பியது.