மாமா நடிக்கவில்லை

கேள்வி: என் மாமனாருக்கு 72 வயது. நாட்டுப்படகில் தொழில் செய்தவர். ஆறேழு மாதமாக, சாப்பிட்டுக் கை கழுவியதுமே "இன்னும் சோறு போடலையா?" என்கிறார். பக்கத்து வீட்டிலும் போய் அப்படியே சொல்கிறார். ஆனால் 64 புயலில் தனுஷ்கோடி அழிந்த கதையை ஒன்று விடாமல் சொல்வார். கிழிந்த வலையைக் கொடுத்தால் பிசகாமல் பின்னுகிறார். "வேணும்னே நடிக்கிறார்" என்கிறார் என் கணவர். நடிப்பா, நோயா?
- வாசகி, பாம்பன்

பதில்: நடிப்பாகத் தெரியவில்லை, சகோதரி. நீங்கள் சொல்லும் மூன்றுக்கும் மூளையில் இடம் வேறு வேறு. மதியம் சாப்பிட்டது மாதிரியான புதுச் சேதி மனதில் பதிய, இரு காதுக்கும் உள்பக்கமாக இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற சின்னப் பகுதி வேண்டும். அல்சைமர் என்ற மறதி நோய் பெரும்பாலும் முதலில் கை வைப்பது அங்கேயும் அதை ஒட்டிய இடத்திலும்தான். ஆண்டுக்கணக்காகச் சொல்லிச் சொல்லி ஊறிய புயல் கதை அதை அவ்வளவாக நம்பி இருப்பதில்லை. வலை பின்னும் கைப்பழக்கத்துக்குப் பொறுப்பு வேறு பகுதிகள்.

உங்கள் கணவருக்கு ஹென்றி மொலேசன் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்கர். தீராத வலிப்புக்காக 1953-ல் இரு பக்கத்து ஹிப்போகேம்பஸிலும் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் அதன் பிறகு பார்த்த ஆளும் பேசிய பேச்சும் அவர் மனதில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரையச் சொன்னார். நமக்கே கை கோணும் வேலை அது. மூன்று நாளில் மொலேசனின் கை நன்றாகத் தேறிவிட்டது. ஆனால் அதற்கு முன் அப்படி வரைந்ததே அவருக்கு நினைவில்லை! அவரை நடிகர் என்று யாரும் சொல்லவில்லை.

அதற்காக மாமாவுக்கு அல்சைமர்தான் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, எப்போதோ விழுந்ததில் தலைக்குள் கட்டிய ரத்தம் எல்லாமே மறதியைத் தரும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அவர் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள்; சில மாத்திரைகளே மறதியைக் கூட்டும். அல்சைமர் என்றே தெரிந்தால், டோனெபசில் போன்ற மருந்து கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும். குணமாக்காது.

சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவரா? அப்படியானால் இன்றைக்கே அதை உங்கள் கைக்கு மாற்றுங்கள். போட்டதை மறந்து இன்னொரு தடவை போட்டால், சில மாத்திரைகளில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடலாம்.

வலை பின்னட்டும், தடுக்காதீர்கள். கடலுக்கு மட்டும் தனியாக விடவேண்டாம். இடத்தையும் வழியையும் மனதில் வைப்பதிலும் ஹிப்போகேம்பஸுக்குப் பங்கு உண்டு. 1971-ல் எலிகளிடம் அதைக் காட்டிய ஜான் ஓ'கீஃபுக்கு 2014-ல் நோபல் பரிசே கிடைத்தது. பழகின கடல்தானே என்று நாம் நினைப்போம். அவருக்குக் கரை எந்தப் பக்கம் என்பதே குழம்பலாம்.

சோறு கேட்டால், "இப்பத்தானே தின்னீங்க" என்று வாதாடாதீர்கள். சண்டைதான் மிஞ்சும். ஒரு டீயும் ரெண்டு பிஸ்கட்டும் கொடுத்துப் பேச்சை மாற்றுங்கள். அப்புறம், பக்கத்து வீட்டில் விஷயத்தை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். நாளைக்கு அவர் வழி தெரியாமல் தெருவில் நின்றால் கையைப் பிடித்துக் கூட்டிவரப் போவதும் அவர்கள்தான்.